மர நிழலில் செங்காந்தள்: கிழங்கு நடுவதிலிருந்து கிழங்கு எடுப்பது வரை

செங்காந்தளை வீட்டில் நட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: முதல் வருடம் கொடி வந்தது, பூத்தது, மறுவருடம் அந்த இடத்தில் ஒன்றுமே முளைக்கவில்லை. அந்தக் கிழங்கு மழைக்காலத்தில் சாகவில்லை. கொடி காய்ந்துபோன மாசி, பங்குனியில் பக்கத்துச் செடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் அதற்கும் போய்ச் சேர்ந்து, மண்ணுக்குள்ளேயே அழுகியிருக்கும். காந்தள் மழையோடு எழுந்து மழையோடு அடங்கும் காட்டுக் கொடி. வருடத்தில் ஐந்தாறு மாதம்தான் கண்ணில் படும். மீதி மாதங்களில் கிழங்காக உறங்கும். அந்த உறக்கத்தைக் கலைக்காமல் விடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். காந்தள், கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று ஊருக்கொரு பெயர் உண்டு. இலங்கைத் தமிழர் கார்த்திகைப்பூ என்பார்கள். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. நகரத்து நர்சரிகளில் சிலசமயம் இதன் ஆப்பிரிக்க உறவான ரோத்சைல்டியானா வகையைக் காந்தள் என்றே விற்பார்கள். அதன் இதழ் அகலமாக இருக்கும், ஓரத்தில் நெளிவு குறைவு. நம் காட்டு வகையின் இதழ் ஒடுங்கி, ஓரம் முழுக்கச் சுருண்டு நெளிந்திருக்கும். இரண்டும் அழகுதான் என்றாலும் நம் மழைக்கும் வெயிலுக்கும் பழகியது நாட்டு வகை. கேட்டு வாங்குங்கள்.

முதலில் விஷம்

இதைக் கடைசிப் பத்தியில் எச்சரிக்கையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கோல்சிசின் என்ற நச்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். பார்வைக்கு வள்ளிக்கிழங்கு போலவும் காட்டுக்கிழங்கு போலவும் இருப்பதால் தவறிச் சமைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நச்சு போகாது. தின்ற உடனே ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும் என்பதால் சாதாரண வயிற்றுக் கோளாறு என்று வீட்டிலேயே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஆகவே வீட்டில் கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தாலோ, மண்ணைத் தோண்டும் நாய், அவிழ்த்துவிட்ட ஆடு இருந்தாலோ இந்தக் கொடியை இப்போதைக்கு வைக்க வேண்டாம். சில வருடம் பொறுத்து நடலாம். நடுபவர்கள் கிழங்கைத் தொடும்போது ரப்பர் கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தேய்க்காதீர்கள். கிழங்கைச் சேமிக்கும் டப்பா சமையலறைப் பக்கமே வரக்கூடாது; மேலே ‘விஷக்கிழங்கு’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சித்த மருத்துவத்தில் இது சேர்கிறது என்பதை நம்பி வீட்டில் யாரும் கைவைத்தியம் செய்ய வேண்டாம். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல், தின்றதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. பார்ப்பதால் ஒன்றும் ஆகாது.

இடம்: கால் நிழலில், தலை வெளிச்சத்தில்

காட்டில் இது வளரும் இடத்தைக் கவனித்தால் தோட்டத்தில் எங்கே நடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அடர்ந்த காட்டின் நடுவில் இதைக் காண்பது அரிது. காட்டின் ஓரத்திலும், புதர்க்காட்டிலும், வேலியிலும்தான் இருக்கும். அடிப்பகுதி புதரின் நிழலில் இலைச்சருகுக்குள் குளிர்ச்சியாக மறைந்திருக்கும். கொடி புதரைப் பிடித்து ஏறி, மேலே வெளிச்சம் கண்ட இடத்தில் பூக்கும். நம் நிழல் தோட்டத்திலும் அதே ஏற்பாடு வேண்டும்.

எந்த நிழல் சரியானது என்று பார்க்க ஒரு எளிய வழி. நடுப்பகலில் நட நினைக்கும் இடத்தில், தரைக்கு ஒரு அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் மங்கலாகவாவது பிரிந்து தெரிந்தால் அந்த இடம் போதும். கை நிழலே விழவில்லை என்றால் அது காந்தளுக்கு இருட்டு. அங்கே கொடி வரும். ஆனால் கணுவுக்குக் கணு நீண்டு, மெலிந்து, பூக்காமலே காயும். மூன்று நான்கு மணி நேரக் காலை வெயிலும் பிறகு நிழலும் கிடைத்தால் மிகவும் நல்லது.

தென்னை, முருங்கை, நெல்லி, வேம்பு ஆகியவற்றின் கீழ் விழும் சல்லடை நிழல் ஏற்றது. முதிர்ந்த மாமரத்தடியும் புளிய மரத்தடியும் வேண்டாம்; அங்கே நிழலும் கனம், வேர்களும் கனம். அப்படிப்பட்ட மரம்தான் இருக்கிறது என்றால் கிளைகள் முடியும் விளிம்புக்குக் கீழே, கிழக்குப் பக்கம் பார்த்து நடுங்கள். தென்னை என்றால் தூரிலிருந்து ஐந்தடி தள்ளி நடுவது நல்லது. இன்னொன்றையும் பாருங்கள்: கோடையிலும் நீங்கள் தண்ணீர் பாய்ச்சும் பாத்தியாக அந்த இடம் இருக்கக் கூடாது. வாழை, மல்லிகை, புல்தரைக்குப் பக்கத்தில் நட்டால் கிழங்குக்கு ஓய்வு கிடைக்காது. அப்படி வேறு இடமே இல்லாதவர்கள் தொட்டியில் வைக்கலாம். கொடி காய்ந்ததும் தொட்டியோடு தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பது

கிழங்கு கலப்பை போல வளைந்து, ஆங்கிலத்து வி எழுத்தின் வடிவில் இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் இதனால்தான். இதில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கில் எங்கே வெட்டினாலும் ஒரு கண் இருக்கும். காந்தளில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான். அது ஒடிந்தால் அந்தக் கிளை அந்தப் பருவத்தில் முளைக்காது. பெரும்பாலும் மண்ணிலேயே அழுகும். அதனால் கிழங்கை நுனி பிடித்துத் தூக்காதீர்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டாதீர்கள். பார்சலில் வருவதானால் மரத்தூளிலோ காய்ந்த தென்னைநார்க் கழிவிலோ பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள்.

50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கு முதல் வருடமே பூக்கும். விரல் மொத்தத்தில் சிறியதாக இருந்தால் விலை குறைவாக இருக்கலாம், ஆனால் முதல் வருடம் இலையோடு நின்றுவிடும். அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்குவது, புளித்த வாடை வருவது, தோலில் கறுத்துக் குழிந்த புள்ளிகள் உள்ளது ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் வட்டாரங்களில் விதைக்காகவே கண்வலிக்கிழங்கைப் பயிராக வைக்கிறார்கள். அந்த விதை மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. அங்குள்ள விவசாயிகளிடம் பயிர் செய்த கிழங்கு கிடைக்கும். காட்டிலிருந்து தோண்டி வந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள், நீங்களும் தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் செடி தோண்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, காட்டுக் காந்தள் மருந்துக்காகத் தோண்டப்பட்டே பல இடங்களில் அருகிப்போயிருக்கிறது. ஒரு கிழங்கை எடுத்தால் அந்தப் புதரில் அடுத்த மழைக்குப் பூ இருக்காது.

நடுதல்

மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமழை ஈரத்தில், ஆனி கடைசி முதல் ஆடி வரை நடலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கடலோரத்திலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் ஆவணி, புரட்டாசி பொருத்தம். நாள்காட்டியைவிடக் கிழங்கையே நம்பலாம்: நுனியில் வெள்ளையாக முளை தடித்துவிட்டால் அது எழத் தயாராகிவிட்டது.

நடுவதற்கு முன் கிழங்குகளை ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த கரைசலில் 20 நிமிடம் போட்டு எடுத்து நிழலில் ஈரம் உலர்த்துங்கள். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் ஒரு லிட்டருக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கரைத்து அரை மணி நேரம் நனைக்கலாம். கிழங்கு அழுகல் இந்தக் கொடிக்கு முதல் எதிரி என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

குழியை ஒன்றரை அடி அகலமும் ஒரு அடி ஆழமுமாக எடுங்கள். மர வேர் குறுக்கே வந்தால் விரல் மொத்தத்துக்குக் குறைந்ததை வெட்டலாம். பெரிய வேர் என்றால் குழியைத் தள்ளி எடுங்கள். எடுத்த மண்ணில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஆற்று மணலும் ஒரு பங்கு மட்கிய இலை உரமும் சேருங்கள். நன்றாக மட்காத சாணம் ஆகாது. அதன் சூட்டில் முளை கருகும். 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்தால் புழு பூச்சித் தொல்லை குறையும். செம்மண் காந்தளுக்குப் பிடித்த மண். களிமண்ணாக இருந்தால் குழிக்குள் மட்டும் மண் மாற்றுவது போதாது, குழி ஒரு கிணறு போலத் தண்ணீரைத் தேக்கிவிடும். அங்கே தரையைவிட முக்கால் அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி கட்டி அதன்மேல் நடுங்கள். வடிகால் சரியா என்று பார்க்கக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் நின்றால் அந்த இடத்தை விடுங்கள்.

கிழங்கைப் படுக்கைவாட்டில், முளைக்கண் சற்று மேல்நோக்கி இருக்கும்படி வைத்து 6 முதல் 8 செ.மீ. மண்ணால் மூடுங்கள். கிழங்குக்குக் கிழங்கு ஒன்றரை அடி இடைவெளி. மண்ணை மிதித்து இறுக்க வேண்டாம். மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலைச்சருகு பரப்புங்கள். நட்ட இடத்தில் அன்றைக்கே ஒரு குச்சி ஊன்றி அடையாளம் வைத்துவிடுங்கள். களை கொத்தும்போது வெளியே வராத முளையைக் கொத்திவிடுவது அடிக்கடி நடக்கும்.

தொட்டி என்றால் 14 அங்குல அகலம், 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழம். அதில் இரண்டு கிழங்கு வைக்கலாம். ஆழம் ஏன் என்றால், புதிய கிழங்குகள் தாய்க்கிழங்குக்குக் கீழே இறங்கி வளரும்.

கொம்பு, பந்தல்

காந்தளுக்கு மல்லிகை போலச் சுற்றி ஏறும் தண்டு கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கையாகிறது. அந்தச் சுருளால்தான் பிடித்து ஏறும். சுருள் சிறியது என்பதால் பென்சில் மொத்தத்துக்கு மேல் இருக்கும் எதையும் அதனால் பிடிக்க முடியாது. கனத்த மூங்கிலை மட்டும் ஊன்றிவிட்டுக் கொடி ஏறவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மூங்கிலை ஊன்றினால் அதைச் சுற்றி வலையோ மெல்லிய கம்பியோ சணல் கயிறோ கட்டுங்கள்.

விவசாயிகள் வயலில் கிளுவைக் குச்சிகளை ஊன்றியும் விராலிச் செடியின் மேலும் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் இதுவே மிக அழகான வழி: பல கிளைகளாகப் பிரிந்த காய்ந்த மிலாறு ஒன்றை ஐந்தடி உயரத்துக்கு நட்டுவிடுங்கள். அல்லது ஏற்கெனவே இருக்கும் நந்தியாவட்டை, செம்பருத்திப் புதரின் ஓரத்தில் நடுங்கள். கொடி அதற்குள் நுழைந்து உச்சியில் பூக்கும்போது காட்டில் இருப்பது போலவே இருக்கும். கொம்பை நடும்போதே ஊன்றிவிட வேண்டும். பிறகு ஊன்றினால் கிழங்கைக் குத்தும்.

இளந்தண்டு கண்ணாடி போல முறியும். நுனி முறிந்தால் அந்தத் தண்டு அதற்கு மேல் ஏறுவது சந்தேகம். காற்று பலமாக வீசும் இடத்தில் ஒரு சாண் உயரம் வந்ததுமே வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

தண்ணீரும் உரமும்

நட்ட அன்று ஒருமுறை நன்றாக நனையுங்கள். பிறகு முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளித்தால் போதும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளை வரும். வரவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள். கொடி வளரத் தொடங்கிய பிறகு மழையில்லாத நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை, மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மொட்டு கட்டியதிலிருந்து பூ முடியும்வரை ஈரம் குறையக் கூடாது. அப்போது காய்ந்தால் மொட்டு பழுத்து உதிரும். மர நிழலில் ஒரு சங்கடம் உண்டு. தூறல் மழை இலைக்கூரையிலேயே நின்றுவிடும். வெளியே நனைந்திருக்கிறது என்று நம்பாமல் மரத்தடி மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

உரம் அதிகம் வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு கொடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். மொட்டு வரும் சமயத்தில் ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பல் தூவலாம். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், பூ குறையும்.

பூ

முளைத்து ஏழெட்டு வாரத்தில் பூக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கிச் சுடர் போல நிற்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு நுனி மட்டும் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதை உவமை சொன்னது ஏன் என்பது அரைகுறையாக விரிந்த ஒரு பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு பூ ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். வெட்டி ஜாடியில் வைப்பதானால் அந்தத் தண்ணீரை ஆடுமாடு, பூனை குடிக்காத இடத்தில் கொட்டுங்கள்.

விதை வேண்டும் என்பவர்கள் கைவைத்து உதவ வேண்டியிருக்கும். சூல்தண்டு அடியிலேயே கிட்டத்தட்டச் செங்கோணத்தில் ஒருபக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. தன் மகரந்தம் தன் மேல் படாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு. காலை 8 மணி முதல் 11 மணிக்குள் மென்மையான தூரிகையால் ஒரு கொடியின் மகரந்தத்தை எடுத்து வேறொரு கொடியின் சூல்முடியில் தடவுங்கள். காய் முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். விதை வேண்டாம் என்றால் வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள், அந்த வலு கிழங்குக்குப் போகும்.

என்னென்ன கெடும்

ஒரே இரவில் இலையெல்லாம் போய் ஈர்க்கு மட்டும் நின்றால் அது காந்தள் புழு. மயிரில்லாத உடல், கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள்; மறைந்துகொள்ளாமல் பகட்டாகவே இருக்கும். வளர்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். மருந்தைவிடக் கைதான் நல்லது: முதல் புழுவைக் கண்டதும் ஒரு வாரம் காலை மாலை இலையின் அடிப்பக்கம் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். எண்ணிக்கை மீறினால் ஒரு லிட்டருக்கு 30 மி.லி. வேப்ப எண்ணெயைச் சிறிது காதிசோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

தொடர்ந்து மழை பிடித்தால் இலையில் பழுப்பு வட்டங்கள் தோன்றி நுனியிலிருந்து கருகும். இலைக்கருகல் நோய் இது. கருகிய இலைகளை வெட்டி எரித்துவிடுங்கள், கொடிகளுக்கு நடுவே காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் தரையில் ஊற்றுங்கள். பரவினால் ஒரு லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி தெளிக்க வேண்டியிருக்கும். கொடி முழுக்க மஞ்சளாகித் திடீரென்று சாய்ந்து, அடித்தண்டு இழுத்ததும் கையோடு வந்தால் கிழங்கு அழுகிவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள மண்ணோடு அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டு வருடத்துக்குக் காந்தள் நடாதீர்கள்.

ஆனால் மார்கழி, தை மாதத்தில் இலை மஞ்சளாவது நோய் இல்லை. புதியவர்கள் பயந்துபோய் உரமும் தண்ணீரும் கொடுக்கும் நேரம் இதுதான். கொடி தன் சத்தையெல்லாம் கிழங்குக்கு இறக்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள், பாதி இலை காய்ந்ததும் அடியோடு நிறுத்துங்கள். பச்சை மிச்சமிருக்கும்போது தண்டை வெட்டாதீர்கள்.

உறக்க காலம்

தாய்க்கிழங்கு வருடத்தோடு சுருங்கி மறைந்துவிடும். அதன் இடத்தில் புதிய கிழங்கு, நன்றாக வளர்ந்திருந்தால் இரண்டு கிளைகளோடு, உருவாகியிருக்கும். கோடையில் தண்ணீர் படாத இடமாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். குச்சி அடையாளத்தை மட்டும் விட்டுவைத்து, சருகால் மூடி, ஆனி வரை மறந்துவிடுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு பெய்வதால் கெட்டுப்போகாது. தினமும் கிடைக்கும் ஈரம்தான் கெடுதல்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்டு முழுக்கக் காய்ந்து இரண்டு வாரம் கழித்து எடுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிக் கடப்பாரையை இறக்கி, ஒரு அடி ஆழம் வரை மண்ணோடு பெயர்த்துக் கையால் உதிர்க்க வேண்டும். கழுவாதீர்கள். ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, காய்ந்த மணலிலோ தென்னைநார்க் கழிவிலோ ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்து அழுகும். பிரிக்க நினைத்தால் இரண்டு கிளையிலும் முளைக்கண் இருக்கிறதா என்று பார்த்து, வளைவின் நடுவில் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி உலர்த்துங்கள். ஒரு பக்கம்தான் கண் இருக்கிறது என்றால் வெட்டாமல் விடுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பது பொறுமை உள்ளவர்களுக்கு. காய் வெடித்ததும் தெரியும் சிவப்பு விதைகளைச் சதை நீக்கி, ஒருநாள் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். சில மூன்று நான்கு வாரத்தில் வரும், சில மாதக்கணக்கில் எடுக்கும். முதல் வருடம் புல் போல இரண்டு மூன்று இலை விட்டு, நிலக்கடலை அளவில் ஒரு கிழங்கை வைத்துவிட்டு மடியும். அந்தக் கிழங்குக்கும் அதே ஓய்வு, அதே மழை. மூன்றாவது அல்லது நான்காவது கார்த்திகையில் பூக்கும்.